காஜா எடுத்த பாத்தி

தச்சருக்குப் பெருமை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை வைத்துக்கொண்டே இத்தனை காலத்தை ஓட்டிவிட்டார். அவர் பூட்டிய மூட்டில் சந்து இருக்காது. கதவானாலும் சரி, அலமாரியானாலும் சரி, வேலை முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒரு தாளைச் செருகிப் பார்க்கச் சொல்வார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். சட்டைப் பையிலிருந்து தானே ஒரு தாளை எடுத்துச் செருகி, அது உள்ளே போகாமல் மடங்குவதைக் காட்டிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். தச்சு வேலையில் நூல் என்று ஓர் அளவு உண்டு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. மற்றவர்கள் ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் கண்டுகொள்ளமாட்டார்கள். இவர் அரை நூலுக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதர் பிளாஸ்டிக் பலகையில் கை வைத்தார் என்றால் அதற்குக் காரணம் அவருடைய அக்கா.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பார்த்த வேலை முழுவதையும் நின்றுகொண்டே பார்த்தவள். பின் சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். கண்டக்டர் உட்கார்ந்தால் பஸ்ஸே படுத்துவிடும் என்பது அவள் கட்சி. கல்யாணம் கில்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "அதுக்கெல்லாம் இந்த வண்டி நிக்காது" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்கவைக்கத் தலைகீழாக நின்று பார்த்தாள். படிப்பு ஏறவில்லை. சரி, கழுதை எதையாவது உருப்படியாகச் செய்யட்டும் என்று உளியும் சுத்தியலும் வாங்கிக் கொடுத்தாள். அந்தத் தம்பிக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது. ஆனாலும் அக்கா எதிரில் வந்தால் பீடியை மட்டுமல்ல, பீடி பிடித்த கையையே மறைத்துக்கொள்வார்.

தச்சர், அவர் மனைவி, அக்கா மூவரும் இருப்பது ஒரே வீட்டில். முன்னறையில் தச்சரின் மனைவி தையல் மெஷின் போட்டிருக்கிறாள். சட்டை தைப்பதில் கெட்டிக்காரி. பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை தச்சருடையது. பின்பக்கம் அக்காவின் தோட்டம். தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். அந்த இடத்தில் தக்காளி, மிளகாய், அவரை, புதினா என்று அக்கா அடித்துப் பிடித்து ஏற்றியிருந்தாள், நெரிசல் நேரத்து பஸ் மாதிரி. ஒரு செடி கூட இடமில்லை என்று இறங்கிப் போனதில்லை.

காலமெல்லாம் நின்றதற்கு முட்டி ஒரு நாள் பழிவாங்கியது. ஆபரேஷன் செய்து மூட்டை மாற்றினார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், நிற்கலாம், ஆனால் ஆயுசுக்கும் தரையில் குந்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குந்தாமல் தரையில் களை பிடுங்குவது எப்படி என்று அக்கா கேட்டாள். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

தம்பியும் தம்பி மனைவியும் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றினார்கள் என்றுதான் சொல்ல முடியும். அவரைக்குப் பந்தல் சரிந்தது, மிளகாயில் பூச்சி விழுந்தது, புதினா எங்கே போனதென்றே தெரியவில்லை. அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு நாள் காலை, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"கொத்தனார்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை வரேன்னுட்டாரு. பின்னாடி பூரா சிமெண்ட் போட்டுடலாம்."

தச்சர் டீயைக் கீழே வைத்தார். "என்னக்கா சொல்ற? தோட்டம்?"

"என்ன தோட்டம்? கண்ணு முன்னாடி காஞ்சு போறதப் பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு, கண்ணுக்குத் தெரியாம மூடிடறது மேல். துணி காயப்போட எடம் ஆகும்."

"நாங்க பாத்துக்கறோம் அண்ணி," என்றாள் தச்சரின் மனைவி.

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே டெய்லரம்மா. உன்ன குத்தம் சொல்லல. உனக்குத் தைக்கத் தெரியும், இவனுக்கு இழைக்கத் தெரியும், எனக்கு இது தெரியும். இனிமே முடியாது, அவ்வளவுதான். எறங்க வேண்டிய ஸ்டாப்பு வந்தா எறங்கிடணும். படியில தொங்கக் கூடாது."

அழுதிருந்தால் கூடத் தச்சர் தாங்கியிருப்பார். அக்கா டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

தச்சர் பின்னாலேயே போனார். "அக்கா, குந்தத்தான கூடாது? நிக்கலாம்ல? நீ நின்னுக்கிட்டே வேலை பாக்கற மாதிரி இடுப்பு ஒசரத்துக்கு ஒரு பாத்தி செஞ்சு தரேன். மேஜை மாதிரி கால் வச்சு, மேல மண்ணு. ஞாயித்துக்கிழமைக்குள்ள நிக்கும். நிக்கலன்னா சிமெண்ட் போட்டுக்க, நான் வாயத் தொறக்கல."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "எதுல செய்வ? போன தடவ மாதிரி மரத்துலயா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. முன்பொரு முறை புதினாவுக்கென்று தச்சர் மரப்பெட்டி ஒன்று செய்திருந்தார். தாள் நுழையாத மூட்டுதான். இரண்டு மழை தாங்கியது. அப்புறம் கரையான் ஏறி, ஒரு நாள் அக்கா கை வைத்ததும் பொலபொலவென்று கொட்டிவிட்டது. தாள் நுழையாத இடத்தில் கரையான் குடும்பத்தோடு நுழைந்த கதையை அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"இந்தத் தடவ கரையான் பல்லு ஒடையற சாமானா பாத்து வாங்கறேன்," என்றார் தச்சர்.

பழைய பிளாஸ்டிக்கை உருக்கிப் பலகையாக வார்த்து விற்கும் கடை ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. பால் கவர், ஷாம்பு பாட்டில், உடைந்த வாளி, எல்லாம் அங்கே போய்ப் பழுப்பு நிறப் பலகையாக வெளியே வரும். தச்சர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு போனவர். இப்போது அந்த மூக்கையே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தார், மரத்தைவிடக் கனம். வெட்டிய முனையைப் பார்த்தார். பழுப்புக்கு நடுவில் நீலமாக ஒரு பொட்டு, எந்த வீட்டு ஷாம்பு மூடியோ. ரேகை இல்லை, முடிச்சு இல்லை, மணம் இல்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். இரண்டு விஷயம் சொன்னார். "நீளமா விட்டா மண்ணு பாரத்துல தொய்யும், அதனால அடியில சட்டத்த நெருக்கமா குடுங்க. அப்புறம் மேஸ்திரி, முனையில சந்து விட்டு அடிங்க. இது வெயிலுக்கு நீளும்."

முதல் விஷயத்துக்குத் தச்சர் தலையாட்டினார். இரண்டாவதற்குச் சிரித்துவிட்டார். "சந்து விட்டு அடிக்கறதுக்கு எதுக்கு அண்ணே தச்சன்? அதத்தான் எல்லாரும் அடிக்கறானே."

கடைக்காரர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தச்சர் அதற்குள் பலகையை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்.

பட்டறையில் அந்தப் பலகை அவரைப் படாத பாடு படுத்தியது. நெருக்கமான பல் உள்ள ரம்பத்தைப் போட்டால் சூட்டில் இளகி, வெட்டிய இடமே திரும்ப ஒட்டிக்கொண்டது. பெரிய பல் ரம்பத்துக்கு மாறினார். இழைத்தால் தூள் வரவில்லை, சுருள் சுருளாக வந்து கை மயிரில் ஒட்டிக்கொண்டு, தட்டினால் மற்ற கைக்குத் தாவியது. அதையெல்லாம் பெருக்கி ஒரு பழைய தலையணை உறையில் மனைவி சேர்த்து வைத்தாள். மண்ணில் விழுந்தால் மக்காது, கடையில் திருப்பிக் கொடுத்தால் மறுபடி உருக்குவார்கள். தச்சர் திட்டிக்கொண்டே வேலை செய்தார். ஆனால் அவர் திட்டுகிற வேலையைத்தான் நன்றாகச் செய்வார் என்பது மனைவிக்குத் தெரியும்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் தோட்டத்தில் வைத்துப் பூட்டினார். எட்டடி நீளம். ஆறு கால். மூலைக் கால்களில் பள்ளம் வெட்டி, பக்கப் பலகையை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார். முனையிலும் நடுவிலும் திருகாணி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மூலையில் வைத்தார். தாள் மடங்கியது. பிளாஸ்டிக்கிலும் மடங்கியது! தச்சருக்கு உள்ளுக்குள் கொடி பறந்தது.

மனைவியும் அவரும் மண்ணைத் தட்டுத் தட்டாகத் தூக்கிப் பாதி நிரப்பினார்கள். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஜன்னல் ஓரத்தில் டப்பாக்களில் வளர்த்திருந்த தக்காளி நாற்றில் ஒன்றைத் தச்சரின் மனைவி பின்னால் எடுத்து வந்தாள். அக்கா பாத்திக்கு எதிரில் நின்றாள். இடுப்புக்குச் சரியான உயரம். குனியவே வேண்டாம். கையை மண்ணில் விட்டாள், ஒரு பிடி எடுத்தாள், விரலால் நசுக்கிப் பார்த்தாள். எத்தனையோ மாதமாகப் பார்க்காத ஒரு முகம் அவளுக்கு வந்தது.

"பரவாயில்லடா," என்றாள். அக்கா வாயிலிருந்து அது வந்தால் மற்றவர்கள் மாலை போட்டதற்குச் சமம்.

அப்போது மூலையில் டக் என்று ஒரு சத்தம்.

பக்கப் பலகை வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. காலையில் நூல் பிடித்த மாதிரி இருந்த பலகை, சாப்பிட்டு முடித்தவர் மாதிரி நடுவில் புடைத்துவிட்டது. இன்னொரு டக். மூலைத் திருகாணி தலையோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அடிப்பலகைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே வாய் திறந்து, மண் பொதபொதவென்று அக்காவின் பாதத்தில் கொட்டியது.

தச்சர் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய் இரண்டு கையாலும் பலகையை அமுக்கினார். அது அவரையும் சேர்த்துத் தள்ளியது.

"விடுடா தம்பி," என்றாள் அக்கா. சத்தமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. "நீ செஞ்ச. நான் பாத்தேன். போதும்." வாக்கரைத் திருப்பி, பாதத்தில் மண்ணோடு உள்ளே போய்விட்டாள்.

தச்சர் சுத்தியலைத் தூக்கி எறிந்தார். எறிந்ததை எடுத்து வந்து மறுபடி எறிந்தார். "குப்பைய உருக்கினா குப்பைதான வரும்!" என்று ஊரைக் கூட்டினார். பிறகு பட்டறைக்குள் போய்ப் பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்கு மனைவி கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றார். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது எழுந்து போய்ச் சாப்பிட்டார். கோபம் வேறு, பசி வேறு.

மனைவி தன் கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பை எடுத்துக்கொண்டு போய், வெயிலில் கிடந்த மிச்சப் பலகை ஒன்றை அளந்தாள். தையல் தெரிந்தவர்களுக்கு இந்தக் குணம் உண்டு; புரியாததை முதலில் அளந்து வைப்பார்கள். மறுநாள் விடியலில், பால் வாங்க எழுந்தவள், அதே பலகையை மறுபடி அளந்தாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து இன்னொரு தடவை அளந்தாள்.

"ஏங்க, எழுந்திருங்க. பலகை சின்னதாயிடுச்சு."

"என்னது?"

"நேத்து வெயில்ல இருந்ததுக்கு இன்னிக்கி மூணு நூல் கொறையுது. நீங்க பூட்டினீங்களே அதையும் பாத்தேன். வயித்த உள்ள இழுத்துக்கிச்சு. நல்ல புள்ள மாதிரி நேரா நிக்குது."

"துணி அளக்கற டேப்ப வச்சுக்கிட்டுப் பலகை அளக்க வந்துட்டா. உன் டேப்பு இழுத்தா நீளும், விட்டா சுருங்கும்."

"சரி, என் டேப்பு பொய் சொல்லுது," என்று சொல்லிவிட்டு அவள் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மெஷின் ஓடும் சத்தம் கேட்டதும் தச்சர் நைசாகத் தன் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அளந்தார். வெயில் ஏறியதும் பாத்திக் காலில் இல்லாத ஒட்டடையை அடிக்கிற சாக்கில் மறுபடி போய் அளந்தார். இரும்பு டேப்பும் அதையே சொன்னது. திரும்பிப் பார்த்தால் மனைவி கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"என்னங்க, உங்க டேப்பும் பொய் சொல்லுதா?"

தச்சர் வாயைத் திறந்து, மூடி, மீசையைத் தடவிக்கொண்டார். கடைக்காரர் சொன்னது அவர் காதில் இப்போதுதான் போய்ச் சேர்ந்தது.

"இங்க வாங்க," என்று அவள் அவரைப் பிய்ந்துபோன மூலைக்குக் கூட்டிப் போனாள். "இந்த ஓட்டையப் பாருங்க. நீங்க வட்டமா போட்டீங்க. இப்ப எப்படி இருக்கு?"

திருகாணி இருந்த ஓட்டை பலகையின் நீளவாக்கில் கிழிந்து நீண்டிருந்தது.

"காஜா," என்றாள் அவள். "நீங்க குடுக்கல. அதுவே கிழிச்சு எடுத்துக்கிச்சு."

காஜா என்றால் சட்டையில் பட்டன் நுழைய எடுக்கும் துளை. தச்சருக்கு அது தெரியும். அதற்கும் தன் திருகாணிக்கும் என்ன உறவு என்றுதான் தெரியவில்லை.

"சட்டையில நெஞ்சுல எல்லாக் காஜாவும் நெட்டுக்குத்தா எடுப்போம். கழுத்துப் பட்டிக்கு மட்டும் படுக்கையா எடுப்போம். ஏன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? நெஞ்சு சும்மா இருக்கும். கழுத்து அசையும், பேசும், முழுங்கும். பட்டன் அந்தண்ட இந்தண்ட நகரணும். நகரலன்னா ஒண்ணு பட்டன் தெறிக்கும், இல்ல ஆளுக்கு மூச்சு முட்டும். உங்க பலகைக்கு முட்டிடுச்சு. நடுவுல ஒரு திருகாணிய நல்லா இறுக்குங்க. ரெண்டு ஓரத்துலயும் படுக்கக் காஜா எடுங்க. வாஷர் போட்டு லேசா நிறுத்துங்க. முனையில எடம் விடுங்க. அது பாட்டுக்குப் போய்ட்டு வரட்டும்."

தச்சர் கிழிந்த ஓட்டையை விரலால் தடவினார். அவள் சொன்னது சரி என்று கேட்ட உடனே கைக்குத் தெரிந்துவிட்டது. மனசுக்குத்தான் தெரிய மறுத்தது.

"முனையில எடம் விடறதுன்னா... சந்து."

"ஆமாங்க. சந்து."

"எல்லாரும் பாக்கற மாதிரி."

"எல்லாரும் பாக்கற மாதிரிதான்."

"நான் செஞ்ச சாமான்ல."

அவள் சிரிக்கவில்லை. தொழிலில் பெருமை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள் தைத்த சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனால் எது உள்பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது. "அண்ணி நேத்து கால்ல கொட்டின மண்ணக்கூட கழுவாம உள்ள உக்காந்திருக்காங்க," என்று மட்டும் சொன்னாள்.

தச்சர் ரம்பத்தை எடுத்தார்.

பூட்டியதையெல்லாம் பிரித்தார்கள். மனைவி துணியில் கோடு போடும் சப்பைச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, பழுப்புப் பலகையில் பளிச்சென்று தெரியும்படி கோடு கிழித்தாள். எவ்வளவு நீளம் நீளும், எங்கே காஜா, எங்கே இறுக்கம் என்று. ஒவ்வொரு பலகையின் முனையிலும் தச்சர் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. முதல் பலகையில் ரம்பத்தை வைத்தபோது கை போகவில்லை. தாள் நுழையாமல் செதுக்கிய முனை. அதில் வேண்டுமென்றே குறை வைப்பது, முதல் மாணவன் பரீட்சையில் தெரிந்த விடையைத் தப்பாக எழுதுகிற மாதிரி இருந்தது அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். அப்புறம் வந்துவிட்டது.

காஜா எடுப்பதில்தான் இருவருக்கும் சண்டை. பக்கத்தில் பக்கத்தில் மூன்று ஓட்டை போட்டு நடுவை வழித்துவிட்டால் போதும் என்றார் தச்சர். ஓரம் பிசிறாக இருந்தால் பட்டன் மாட்டும், அரம் போட்டு மழுமழுவென்று தேய்க்க வேண்டும் என்றாள் மனைவி. கடைசியில் அவளே அரத்தை வாங்கித் தேய்த்தாள். துளைக்குள் திருகாணியை விட்டு அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்து, சட்டையில் பட்டன் போட்டுப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். அவள் தேய்த்ததைப் பார்த்துவிட்டுத் தச்சர் தான் எடுத்த காஜாக்களை யாரும் சொல்லாமலே திரும்ப எடுத்துத் தேய்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் பாத்தி மறுபடி நின்றது. மண்ணும் நிரம்பியது. அக்கா ஜன்னலுக்கே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் காலையிலேயே வந்துவிட்டார். சிமெண்ட் மூட்டை, மணல், கரண்டி, எல்லாம் சின்ன வண்டியில். "எங்கம்மா ஆரம்பிக்கறது?" என்றார்.

அக்கா வெளியே வந்தாள். பாத்தி நிற்பதைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "காலையில அன்னிக்கும் நின்னுச்சு," என்றாள்.

"உச்சி வெயில் வரைக்கும் எனக்குக் குடுக்கா," என்றார் தச்சர். "அதுக்கப்புறம் நானே கலவை கலக்கித் தரேன்."

"வெயில் ஏறினா கலவை இறுகிப்போகும்," என்றார் கொத்தனார்.

"இறுகட்டும்," என்றாள் அக்கா. "உக்காருங்க. டீ வரும்."

மற்ற மூன்று பேரும் நிழலில் உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் உட்காரவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொத்தனார் டீ குடித்தார், இன்னொரு டீ குடித்தார், விலைவாசி பேசினார், யாரும் பதில் சொல்லாததால் நிறுத்திக்கொண்டார். வெயில் தகரத்திலிருந்து இறங்கிப் பாத்தியின் மேல் ஏறியது. தச்சர் பெரிய பெரிய வீடுகளில் கதவு மாட்டியவர். எந்த வீட்டிலும் இப்படிப் பயந்ததில்லை.

மூலையிலிருந்து கிரிச் என்று சத்தம் வந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தச்சர் எழுந்து நின்றார். மறுபடி கிரிச். பலகை நகர்கிறது. திருகாணி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பலகை அதற்கு அடியில் மெல்ல வழுக்கிக்கொண்டு போகிறது. மூலையில் விரல் கனத்துக்கு இருந்த சந்து குறைகிறது, இன்னும் குறைகிறது, ஒரு கோடு அளவுக்கு வந்து நிற்கிறது. பலகை நேராக இருந்தது. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. பலகை நேராகவே இருந்தது.

தச்சரின் மனைவி முதலில் மூச்சு விட்டாள். "போட்டுக்கிச்சு பட்டன்," என்றாள்.

அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனாள். பக்கப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிக்கொண்டே நடந்தாள். சூடு சுட்டிருக்கும்; கையை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் சுற்றி, அங்கும் தடவிப் பார்த்தாள்.

கொத்தனாரும் எழுந்து வந்து பார்த்தார். அவருக்கும் தச்சருக்கும் பல வீடுகளில் பழக்கம், பல வீடுகளில் சண்டை. சுவரில் அரை நூல் கோணல் என்று தச்சர் அவர் மானத்தை எத்தனையோ முறை வாங்கியிருக்கிறார். கொத்தனார் வெயில் படாத பக்கம் போய் மூலையில் குனிந்தார். அங்கே சந்து இன்னும் அப்படியே இருந்தது. அதில் சுண்டு விரலை விட்டு ஆட்டினார்.

"என்ன தச்சரே! வெரல் போகுது! உங்க வேலையா இது? இல்ல வேற யாராவது செஞ்சாங்களா?"

தச்சரின் மனைவி சண்டை வரப்போகிறது என்று நினைத்தாள்.

தச்சர் மீசையைத் தடவினார். "என் வேலைதான்," என்றார். "சந்து மட்டும் என் பொண்டாட்டி வேலை. நல்லா வெரல விட்டுப் பாருங்க. இந்த எடத்துல இவ்வளவுதான் விடணும்னு அளந்து விட்டது. கீழ குனிஞ்சு அந்தக் காஜாவையும் பாத்துட்டுப் போங்க. எந்தத் தச்சன் எடுப்பான் அந்த மாதிரி?"

"போதும் போதும்," என்றாள் மனைவி. கன்னம் சிவந்துவிட்டது. ஆனால் கொத்தனார் குனிந்து பார்க்கும்போது அவருக்கு மறைக்காமல் தள்ளி நின்றாள்.

"எல்லாம் சரி," என்று கொத்தனார் நிமிர்ந்தார். "எனக்கு வேலை இருக்கா இல்லையா? எங்கம்மா ஊத்தறது?"

அக்கா பாத்திக்கு எதிரில் நின்று, தச்சரின் மனைவி காலையிலேயே கொண்டுவந்து வைத்திருந்த தக்காளி நாற்றுக்கு விரலால் குழி பறித்துக்கொண்டிருந்தாள்.

"பணத்துக்குச் சொல்லலம்மா. வண்டி கட்டி எடுத்துட்டு வந்துட்டேன். தோட்டம் வேணாம்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன்." அக்கா நாற்றைக் குழியில் வைத்து, இரண்டு கையாலும் மண்ணை அணைத்தாள். "இவன எனக்கு அரை டவுசர் காலத்துலேர்ந்து தெரியும். உசிரு போனாலும் ஒரு நூல் எடம் விடமாட்டான். எத்தன பேரு கெஞ்சியிருக்காங்க, எத்தன பேர்கிட்ட சண்ட போட்டிருக்கான். எனக்காக விட்டிருக்கான்யா. ஊரே பாக்கற மாதிரி விட்டுட்டு, என் வேலைதான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கறான். இதுக்கு மேல நான் சிமெண்ட் போட்டா நான் என்ன மனுஷி?"

கொத்தனார் கரண்டியை எடுத்து வண்டியில் வைத்தார். தச்சருக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்றும் தெரியவில்லை.

"செடிக்குத் தண்ணி எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு அவசரமாக வீட்டுக்குள் போனார். நிறைய தண்ணீரோடு வாளி பாத்தியின் காலடியிலேயே இருந்தது. மனைவி அவரைக் கூப்பிடவில்லை. அந்த வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு அண்ணியின் கையில் கொடுத்தாள்.